மூன்று முடிந்தால் இலவசம்

(உல்லாசக் கப்பல் புறப்பட இன்னும் நேரம் இருக்கிறது. பெற்றோர் பிள்ளைகளை விளையாட விட்டுப் போகும் குழந்தைகள் கிளப்பின் வாசலில் பெயர் பதிய நீண்ட வரிசை. அதில் முரளியும் வசந்தியும். மகள் யாழினிக்கு 9 வயது, மகன் கவினுக்கு 3. இரண்டு பேரும் கண்ணாடிச் சுவரில் மூக்கை ஒட்டிக்கொண்டு உள்ளே பார்த்துக்கொண்டிருக்கிறார்கள்.)

முரளி: கப்பல் ஏறியதும் எல்லாரும் சாப்பாட்டு வரிசைக்கு ஓடுகிறார்கள். நாம் மட்டும் ஸ்கூல் அட்மிஷனுக்கு நிற்கிற மாதிரி நிற்கிறோம்.

வசந்தி: முதல் நாளே பதிந்துவிட வேண்டும். ஓர் ஊழியருக்கு இத்தனை பிள்ளைகள்தான் என்று கணக்கு வைத்திருக்கிறார்கள். விடுமுறைக் காலம் வேறு. நிரம்பிவிட்டால் வாசலோடு சரி.

முரளி: நிரம்பினால் நம்மோடு இருக்கட்டுமே. குடும்பமாகத்தானே வந்திருக்கிறோம்?

வசந்தி: மெதுவாகப் பேசுங்கள். பின்னால் நிற்பவருக்கு நான்கு பிள்ளைகள். காதில் விழுந்தால் அழுதுவிடுவார்.

(அவர்கள் முறை வருகிறது. முரளி படிவத்தை வாங்கி எழுதுகிறார்.)

முரளி: பெயர் கவின். வயது... இரண்டரை.

வசந்தி: (கிள்ளுகிறாள்) மூன்று!

முரளி: ஆ! டிக்கெட் எடுக்கிற இடத்தில் நாம் எப்போதும் இரண்டரைதானே சொல்வோம்?

வசந்தி: அது பஸ். இங்கே வயது குறைந்தால் காசு கூடும். மூன்று முடிந்தவனுக்குக் கிளப் செலவு கப்பல் கட்டணத்திலேயே அடக்கம். மூன்றுக்குக் கீழே என்றால் கைக்குழந்தைக் காப்பகம். அதற்கு மணிக்கணக்கில் தனிக் காசு. நேரத்தையும் முன்கூட்டியே பதிய வேண்டும்.

முரளி: (வேகமாக அடித்துத் திருத்துகிறார்) மூன்று. பார்த்தால் நாலு மாதிரி இருப்பான் என்றும் சேர்த்து எழுதட்டுமா?

வசந்தி: பாஸ்போர்ட்டைப் பார்த்துக்கொள்வார்கள்.

முரளி: எல்லாக் கப்பலிலும் மூன்றுதானா கணக்கு?

வசந்தி: ராயல் கரீபியன், நார்வீஜியன், டிஸ்னி என்ற கப்பல் கம்பெனிகள் எல்லாவற்றிலும் மூன்று. கார்னிவலில் 2 வயதிலேயே சேர்த்துக்கொள்கிறார்கள். 2 முதல் 5 வரை பென்குவின், 6 முதல் 8 வரை திருக்கை, 9 முதல் 11 வரை சுறா என்று பிரித்து வைத்திருக்கிறார்கள்.

முரளி: அங்கே போயிருந்தால் யாழினி சுறாவாகியிருப்பாள்.

வசந்தி: அதற்கு அவள் கப்பல் ஏற வேண்டிய அவசியமே இல்லை.

முரளி: நமக்கு ஏதாவது பிரிவு உண்டா?

வசந்தி: 17 வயதோடு விளையாட்டு முடிந்தது. அதற்கு மேல் சாய்வு நாற்காலி.

முரளி: அடுத்த கேள்வி. ‘குழந்தைக்குக் கழிப்பறைப் பழக்கம் முழுமையாக வந்துவிட்டதா?’ வந்துவிட்டது.

வசந்தி: முழுமையாக என்று கேட்டிருக்கிறது.

முரளி: வந்துவிட்டதுதான். விளையாட்டு மும்முரத்தில் எப்போதாவது... ஒரு தொண்ணூறு சதவீதம் என்று வைத்துக்கொள்ளலாம்.

வசந்தி: ஆம், இல்லை என்று இரண்டு கட்டம்தான் இருக்கிறது. சதவீதம் எழுத இடம் விடவில்லை. இந்தப் பிரிவில் ஊழியர்கள் துணி மாற்றிவிட மாட்டார்கள். மீதிப் பத்து வந்தால் போன் நமக்குத்தான்.

முரளி: ‘ஆம்’ போட்டுவிட்டேன். இனி அவன் பாடு. இது யாழினிக்கு. ‘குழந்தை தானாகவே வெளியே போகலாமா?’ போகலாம் என்று போடவா? கப்பல் முந்நூறு மீட்டர் நீளம். நாம் அந்தக் கோடி, கிளப் இந்தக் கோடி.

வசந்தி: போட்டால் நாள் முழுக்க ஐஸ்கிரீம் மெஷினுக்குப் பக்கத்திலேயே குடியிருப்பாள். ‘கூடாது’ போடுங்கள்.

முரளி: அப்புறம் ஒரு ரகசியச் சொல் வேண்டுமாம். பிள்ளைகளைத் திரும்ப அழைத்துப் போகும்போது அட்டையைக் காட்டி, இந்தச் சொல்லையும் சொன்னால்தான் விடுவார்களாம்.

வசந்தி: மறக்காத சொல்லாகப் போடுங்கள்.

முரளி: போட்டாயிற்று. இதை எந்த ஜென்மத்திலும் மறக்க மாட்டேன்.

வசந்தி: என்ன சொல்?

முரளி: ரகசியம்.

வசந்தி: நானும்தானே அழைக்கப் போக வேண்டும்?

முரளி: எதற்கு உனக்கு அந்தச் சிரமம்? நானே போகிறேன். நீ ஓய்வெடு.

வசந்தி: இப்படி ஒரு வார்த்தை உங்கள் வாயிலிருந்து வந்தால் எனக்கு பயமாக இருக்கிறது.

(ஊழியர் பிள்ளைகளின் கையில் பட்டை மாட்டுகிறார்.)

முரளி: ‘பி 4’ என்று போட்டிருக்கிறதே, இரத்த வகையா?

வசந்தி: ஆபத்து என்றால் நாம் போய்க் கூட வேண்டிய இடத்தின் எண்.

முரளி: அப்படி மணி அடித்தால் நான் முதலில் இங்கேதான் ஓடிவருவேன்.

வசந்தி: வரவே கூடாது. நேராக பி 4. இந்தப் பட்டையைப் பார்த்து ஊழியர்களே பிள்ளைகளை அங்கே கொண்டுவந்து சேர்ப்பார்கள். கப்பலில் உள்ள அப்பா அம்மா எல்லாரும் படிக்கட்டில் எதிரும் புதிருமாக ஓடினால் என்ன ஆகும்?

முரளி: மனசு கேட்குமா?

வசந்தி: கேட்காது. அதனால்தான் கிளம்பும் முன்பே பயிற்சி வைக்கிறார்கள். 2012 ஜனவரியில் கோஸ்டா கன்கார்டியா என்ற உல்லாசக் கப்பல் பாறையில் மோதியதே, அன்று மாலை ஏறியவர்களுக்குப் பயிற்சியே நடந்திருக்கவில்லை. ஏறிய 24 மணி நேரத்துக்குள் நடத்தினால் போதும் என்பது பழைய விதி. இப்போது புறப்படும் முன்போ, புறப்பட்ட உடனேயோ நடத்தியாக வேண்டும்.

முரளி: நீ இவ்வளவு படித்ததற்குப் பேசாமல் கேப்டன் பரீட்சையே எழுதியிருக்கலாம்.

(மறுநாள். துறைமுகம் எதுவும் இல்லாத, முழுக்கக் கடலிலேயே கழியும் நாள். இரண்டு சாய்வு நாற்காலிகள். இருவரும் சாயாமல் நிமிர்ந்து உட்கார்ந்திருக்கிறார்கள். நடுவில் கிளப் கொடுத்த போன்.)

வசந்தி: விட்டுவிட்டு வந்து எவ்வளவு நேரமாச்சு?

முரளி: இருபது நிமிஷம்.

வசந்தி: அழுதுகொண்டிருப்பான்.

முரளி: அழுதால் கூப்பிடுவார்கள்.

வசந்தி: போன் வேலை செய்கிறதா?

முரளி: அறையிலிருந்து அடித்துப் பார்த்தோமே, நன்றாகத்தான் அடித்தது.

வசந்தி: இப்போது அடிக்குமா என்று யாருக்குத் தெரியும்?

முரளி: சரி, அதை விடு. நாம் தனியாக உட்கார்ந்து பேசி எவ்வளவு காலமாயிற்று! ஏதாவது பேசுவோம்.

வசந்தி: ஆமாம். பேசுங்கள்.

(நீண்ட மௌனம். எதிரே அவ்வளவு பெரிய கடல். இருவரும் போனைப் பார்க்கிறார்கள்.)

முரளி: கவினுக்கு அந்த நீலச் சட்டை சின்னதாகிவிட்டது.

வசந்தி: நானும் அதையேதான் நினைத்தேன்.

முரளி: (இரண்டு தாள்களை எடுக்கிறார்) இது பிள்ளைகளின் நிகழ்ச்சி நிரல், இது நம்முடையது. கேள். அவர்களுக்கு பத்து மணிக்கு ஸ்லைம் செய்வது. நமக்கு, தோள்வலி பற்றி இலவசச் சொற்பொழிவு. பதினொன்றுக்கு அவர்களுக்குப் புதையல் வேட்டை. நமக்குத் துண்டை மடித்து யானை செய்வது எப்படி. இரண்டு மணிக்கு அவர்கள் சமையல் சோடாவில் வினிகரை ஊற்றி எரிமலை வெடிக்க வைக்கிறார்கள். நமக்கு ஓவிய ஏலம். எனக்கு எரிமலைதான் வேண்டும்.

வசந்தி: ஏலத்துக்குப் போங்கள். விலையைக் கேட்டால் தானாக வெடிக்கும்.

முரளி: ஒன்று மட்டும் புரியவில்லை. இத்தனை ஆட்களைப் போட்டு, இவ்வளவு சாமான் வாங்கி, இலவசமாக ஏன் பிள்ளை வளர்க்கிறார்கள்?

வசந்தி: பிள்ளை உள்ளே இருந்தால்தான் நீங்கள் வெளியே பர்ஸைத் திறப்பீர்கள். மசாஜ், பிங்கோ, ஏலம் எதுவும் டிக்கெட்டில் சேராது. அப்புறம் இன்னொன்று. அடுத்த தடவை எந்தக் கப்பல் என்று முடிவு செய்யப்போவது யார் என்று நினைக்கிறீர்கள்?

முரளி: நான்.

வசந்தி: (பதில் சொல்லாமல் தலைமுடியைச் சரிசெய்துகொள்கிறாள்) சாப்பாட்டு நேரம். போய் அழைத்து வாருங்கள்.

(முரளி போகிறார். கொஞ்ச நேரத்தில் தனியாகத் திரும்புகிறார்.)

வசந்தி: பிள்ளைகள் எங்கே?

முரளி: வர மாட்டேன் என்கிறார்கள். யாழினி கண்ணாடிக்கு உள்ளிருந்து கையை ஆட்டினாள்.

வசந்தி: வா என்றா?

முரளி: போ என்று. கவின் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. கையில் கத்தி.

வசந்தி: கத்தியா!

முரளி: அட்டைக் கத்தி. கடற்கொள்ளையர் விளையாட்டு. அதைவிடக் கொடுமை, வீட்டில் கேரட்டைக் கண்டால் மேசைக்கு அடியில் ஒளிகிறவன், ‘கேப்டன் உத்தரவு’ என்றதும் கடித்துக் கடித்துத் தின்கிறான். யாழினி என்னைப் பார்த்து, சோப்பு போட்டுக் கை கழுவினீர்களா என்று சைகை காட்டுகிறாள். நான் சானிடைசர் பாட்டிலைக் காட்டினேன். தலையில் அடித்துக்கொண்டாள்.

வசந்தி: சரியாகத்தான் சொல்லிக் கொடுத்திருக்கிறார்கள். வாந்தி பேதி தரும் நோரோவைரஸ் சானிடைசருக்கு அவ்வளவாக மசியாது. சோப்பும் தண்ணீரும்தான். அது கிடக்கட்டும், முகம் ஏன் இப்படி வெளிறிக் கிடக்கிறது?

முரளி: ஒன்றுமில்லை. வாசலில் ரகசியச் சொல்லைக் கேட்டார்கள். உள்ளே ஒரே கூச்சல், அவருக்குக் காதில் விழவில்லை. கொஞ்சம் உரக்கச் சொன்னேன்.

வசந்தி: சொன்னால் என்ன?

முரளி: பக்கத்தில் நின்ற பாட்டி ஒருவர் லைஃப் ஜாக்கெட்டைத் தேட ஆரம்பித்துவிட்டார்.

வசந்தி: என்னங்க, அப்படி என்ன சொல் அது?

முரளி: ...சைக்ளோன்.

வசந்தி: கப்பலுக்குள் நின்றுகொண்டு ‘புயல், புயல்’ என்று கத்தினீர்களா?

முரளி: இரண்டு தடவைதான்.

வசந்தி: எந்த ஜென்மத்திலும் மறக்க மாட்டேன் என்றீர்களே. நம் வீட்டில் யாருக்கு இந்தப் பெயர்?

முரளி: யாருக்கும் இல்லை. வானிலை அறிக்கை கேட்கிற பழக்கத்தில் போட்டேன்.

வசந்தி: வானிலை அறிக்கை. எங்க அம்மா ஊரிலிருந்து கிளம்புகிறார் என்று போன் வந்தாலே, ஜன்னலைச் சாத்து என்று யாழினியிடம் சொல்வீர்களே, அந்த வானிலையா?

முரளி: (கடலைக் காட்டி) அதோ பார், டால்பின்!

(போன் அடிக்கிறது. இரண்டு கைகள் ஒரே நேரத்தில் பாய்கின்றன. முரளி பிடித்துவிடுகிறார்.)

முரளி: ஹலோ! ஆமாம், கவினின் அப்பாதான்... ஓ... அப்படியா... இதோ, இதோ! (முகம் மலர்ந்து) வசந்தி, அந்தப் பத்து சதவீதம் வந்துவிட்டது!

வசந்தி: (துள்ளி எழுந்து) நான் போகிறேன்.

முரளி: நீ உட்கார். எனக்கு வழி பழகிவிட்டது.

வசந்தி: பிறந்ததிலிருந்து ஒரு தடவையாவது அவனுக்குத் துணி மாற்றியிருக்கிறீர்களா?

முரளி: அதனால்தான் சொல்கிறேன், பாக்கி நிறைய இருக்கிறது.

வசந்தி: என்னைத்தான் தேடுவான்.

முரளி: தேடட்டும். சொல் இல்லாமல் உன்னை உள்ளே விட மாட்டார்கள்.

வசந்தி: அதுதான் தெரிந்துபோயிற்றே, எங்க அம்மா!

(மாற்றுத்துணிப் பையை ஆளுக்கொரு பக்கம் பிடித்துக்கொண்டு இருவரும் ஓடுகிறார்கள். கால் மணி நேரத்தில் அதே நாற்காலிகளுக்குத் திரும்புகிறார்கள்.)

வசந்தி: துடைத்துவிடும்போதே ஒரு கால் வாசலில் நிற்கிறது. ‘சீக்கிரம்மா, புதையலை எடுத்துடுவாங்க’ என்கிறான்.

முரளி: போகும்போது திரும்பிப் பார்த்துச் சிரித்தானே.

வசந்தி: உங்களைப் பார்த்தா, என்னைப் பார்த்தா?

முரளி: நமக்குப் பின்னால் நின்ற கொள்ளையரைப் பார்த்து.

(இரவு. சாப்பாடு, பாட்டு, நடனம் எல்லாம் முடிந்தது. இருவரும் கொட்டாவி விட்டபடி அறை வாசலில் நிற்கிறார்கள். போன் மறுபடி அடிக்கிறது. இந்த முறை வசந்தி எடுக்கிறாள்.)

வசந்தி: சொல்லுடி... ம்... எத்தனை மணி வரை?... ம்... (போனைப் பொத்தி) பத்து மணிக்கு மேல் பைஜாமா பார்ட்டியாம். யாழினி இருக்கட்டுமா என்று கேட்கிறாள்.

முரளி: தாராளமாக.

வசந்தி: பத்துக்கு மேல் இலவசம் இல்லை. மணிக்கணக்கில் காசு.

முரளி: அவளுக்கு அப்பா அம்மா ஞாபகம் வரவில்லையா என்று கேள்.

வசந்தி: வந்ததாம். காசு நாம்தானே கொடுக்க வேண்டும், அதனால்தான் கூப்பிட்டாளாம்.

முரளி: சரி, ஒரு மணி நேரம். அதற்கு மேல் கிடையாது. கவின்?

வசந்தி: அங்கேயே மெத்தையில் தூங்கிவிட்டானாம். வந்து எடுத்துப் போகச் சொல்கிறார்கள்.

முரளி: எழுப்பாமல் தோளில் போட்டுக்கொண்டு வந்துவிடுகிறேன்.

வசந்தி: பார்த்து. கண் விழித்தால் திரும்ப உள்ளே ஓடிவிடுவான். வாசலில் நின்று கத்தாமல், சொல்லைக் காகிதத்தில் எழுதி நீட்டுங்கள்.

முரளி: எழுதினால் மட்டும் என்ன, அந்தப் பாட்டி எட்டிப் பார்த்தால் மறுபடி லைஃப் ஜாக்கெட்டுக்கு ஓடுவார்.

வசந்தி: ஓட மாட்டார். மத்தியானம் துணி மாற்றப் போனபோதே அந்தச் சொல்லை மாற்றிவிட்டேன்.

முரளி: மாற்றிவிட்டாயா? என்ன சொல்?

வசந்தி: இதுவும் வானிலைதான். உங்கள் அம்மா பக்கத்துக் கரையோரம்.