அந்த வரிகள் சரீப்புடையவை

கன்னட ராக் பாடகர் ரகு தீட்சித்தின் முதல் ஆல்பத்தை நீங்கள் பாராட்டியது சரி. ஆனால் அதிலுள்ள 'சோருதிகுது மனெய மாளிகி' பாடல் அவர் எழுதியது என்று நீங்கள் சொன்னது தவறு. அது கன்னடக் கவிஞர் சிசுநாள சரீப்பின் பாடல். காலம் 1819–1889, ஊர் கர்நாடகத்தின் இன்றைய ஹாவேரி மாவட்டத்தில். முஸ்லிமான அவருக்குக் குரு கோவிந்த பட்டர் என்ற பிராமணர். நமக்குச் சூஃபிக் கவிஞர் குணங்குடி மஸ்தான் போல, கன்னடத்துக்கு அவர். இந்தப் பாட்டில், வீட்டுக் கூரை ஒழுகுகிறது, ஏறிச் சரிசெய்ய ஆளில்லை என்று பாடுவார். ஒழுகுவது மனம், காரணம் அறியாமை. அதே ஆல்பத்திலுள்ள 'குடுகுடிய சேதி நோடோ'வும் சரீப் பாடலே. இவற்றுக்கு ராக் வடிவம் வருவதற்கு முன்பே இசையமைப்பாளரும் பாடகருமான சி. அஸ்வத் சரீப்பைக் கன்னட வீடுகளுக்குள் கொண்டுசேர்த்துவிட்டார். பெங்களூரில் பக்கத்து வீட்டுப் பாட்டி முணுமுணுத்துத்தான் நான் முதலில் கேட்டேன். கிடாரும் துள்ளலும் தீட்சித்துடையவை, அருமையானவை. சொற்களுக்குரிய பெயரை மட்டும் தயவுசெய்து திருத்துங்கள்.