ஹைஸ்மன் கோப்பை வென்றோர் பற்றி ஒரு திருத்தம்

கல்லூரி அமெரிக்கக் கால்பந்தில் ஆண்டின் சிறந்த ஆட்டக்காரருக்கு வழங்கப்படும் ஹைஸ்மன் கோப்பையை வென்ற எவரும் பின்னர் தொழில்முறை லீக்கான என்எஃப்எல்லில் சோபித்ததில்லை என்று ஒரு நண்பர் எழுதியிருப்பது சரியன்று. 1988இல் ஓக்லஹோமா ஸ்டேட் பல்கலைக்கழகத்துக்காக 11 ஆட்டங்களில் 2,628 கெஜம் பந்தை ஏந்தி ஓடி அவ்விருதைப் பெற்ற பாரி சாண்டர்ஸ், அடுத்த ஆண்டே டெட்ராய்ட் லயன்ஸ் அணியில் சேர்ந்து, பத்துப் பருவங்களில் 15,269 கெஜம் ஓடி, இன்னும் ஆடும் வலு இருக்கையிலேயே விலகிக்கொண்டவர். 1997 பருவத்தில் மட்டும் அவர் ஓடியது 2,053 கெஜம். அதே 1997இல் விருதை வென்ற மிச்சிகன் தற்காப்பு ஆட்டக்காரர் சார்ல்ஸ் உட்சன், 2021இல் தொழில்முறைக் கால்பந்தின் புகழ் மண்டபத்தில் இடம்பெற்றார்.

நண்பர் முற்றிலும் ஆதாரமின்றிப் பேசவில்லை என்பதையும் ஒப்புக்கொள்கிறேன். 2003இல் வென்ற குவார்ட்டர்பேக் (பந்தை எறிந்து தாக்குதலை நடத்துபவர்) ஜேசன் ஒயிட்டை, என்எஃப்எல் அணிகள் கல்லூரி ஆட்டக்காரர்களைத் தேர்ந்தெடுக்கும் டிராஃப்டில் எந்த அணியும் எடுக்கவில்லை. 2012இல் வென்ற ஜானி மான்ஸியெல் இரண்டே பருவங்களில் என்எஃப்எல்லை விட்டு வெளியேறினார். ஆனால் என்எஃப்எல்லில் சோபிக்காதவர்கள் என்று நண்பர் தந்த பட்டியலில் சார்லி வார்டைச் சேர்ப்பது அநியாயம்: 1993இல் விருது பெற்ற அவர் கூடைப்பந்துக்குச் சென்று, நியூயார்க் நிக்ஸ் அணிக்காகப் பல ஆண்டுகள் தொழில்முறைக் கூடைப்பந்து லீக்கான என்பிஏவில் ஆடினார். ஒரே ஒரு கல்லூரிப் பருவத்தின் ஆட்டத்துக்காக வாக்கெடுப்பில் வழங்கப்படும் விருதைத் தொழில்முறை ஆட்டம் பற்றிய முன்கணிப்பாகக் கொள்வதில்தான் இந்தக் குழப்பம் தொடங்குகிறது.