டெமோனாஸின் கையும் இம்மார்ட்டலின் பத்து ஆல்பங்களும்

முதலிலேயே சொல்லிவிடுகிறேன். இம்மார்ட்டல் என்ற நார்வே இசைக்குழுவின் பத்து ஆல்பங்களில் என் முதலிடம் 1999இல் வந்த 'அட் த ஹார்ட் ஆஃப் வின்டர்'. இரண்டாமிடம் 'ப்யூர் ஹோலோகாஸ்ட்'. பழைய பிளாக் மெட்டல் (வேகமும் இரைச்சலும் இருளும் நிறைந்த மெட்டல் இசை வகை) ரசிகர்கள் பலர் இந்த இரண்டையும் இடம் மாற்றிப் போடுவார்கள் என்று தெரியும். நானும் பல வருடம் அப்படித்தான் போட்டிருந்தேன். ஏன் மாற்றினேன் என்று சொல்லத்தான் இந்தப் பதிவு, மீதி எட்டையும் போகிற போக்கில் வரிசைப்படுத்திவிடுகிறேன். கொஞ்சம் நீளும், பொறுத்துக்கொள்ளுங்கள்.

இவர்களைக் கேட்டிராதவர்களுக்கு ஒரு வார்த்தை. நார்வேயின் மேற்குக் கரையில் பெர்கன் என்றொரு நகரம். அங்கே தொண்ணூறுகளின் தொடக்கத்தில் அபாத், டெமோனாஸ் என்ற இருவர் தொடங்கிய குழு இது. அந்தக் காலத்து நார்வே பிளாக் மெட்டல் என்றாலே தேவாலய எரிப்பு, கொலை வழக்கு என்றுதான் செய்தித்தாளில் வரும். இவர்கள் அந்தப் பக்கமே போகவில்லை. டெமோனாஸ் பாட்டு எழுதினார், அதில் பிளாஷிர்க் என்றொரு கற்பனை ராஜ்ஜியத்தை உண்டாக்கினார். முடிவில்லாத பனி, மலை, புயல், அண்டங்காக்கை. முப்பது வருடமாக இந்தக் குழு பாடுவது கிட்டத்தட்ட அந்த ஒரே இடத்தைப் பற்றித்தான்.

நம் சங்கப் பாடல்களில் நிலமும் பொழுதும் முதற்பொருள், அங்கே வாழும் பறவையும் விலங்கும் மரமும் கருப்பொருள், மனிதர்களின் கூடலும் பிரிவும் உரிப்பொருள் என்று படித்திருப்போம். இம்மார்ட்டலைக் கேட்கும்போதெல்லாம் எனக்கு இதுதான் நினைவுக்கு வரும், ஏனென்றால் இவர்களிடம் முதல் இரண்டும்தான் இருக்கின்றன. நிலம் இருக்கிறது, பனிக்காலம் இருக்கிறது, காக்கை இருக்கிறது. தலைவனும் இல்லை, தலைவியும் இல்லை, காத்திருக்க யாருமே இல்லை. ஆளில்லாத ஒரு திணை. என் அளவுகோலும் இதுதான்: ஆல்பம் ஓடி முடிவதற்குள் அந்த நிலம் எனக்குத் தெரிந்ததா இல்லையா. வேகம், ஒலிப்பதிவின் தரம் எல்லாம் அதற்கப்புறம்தான்.

இந்த அளவுகோலால் பத்தாவது இடத்துக்குப் போவது 'டேம்ன்ட் இன் பிளாக்'. 2000இல் வந்தது. ஹோர்க் டிரம்ஸில் பின்னியிருக்கிறார், 'ட்ரையம்ஃப்' நல்ல தொடக்கம், ஒலியும் சுத்தம். ஆனால் பாட்டுகள் ஓடிக்கொண்டே இருக்கின்றன, எந்த ஊரும் வரமாட்டேன் என்கிறது. ஒவ்வொரு வருடமும் ஒருமுறை மனது வைத்துக் கேட்கிறேன், ஒவ்வொரு முறையும் அதே இடத்தில்தான் நிற்கிறது.

ஒன்பது, 2023இன் 'வார் அகெய்ன்ஸ்ட் ஆல்'. மோசமான ஆல்பம் என்று சொல்ல வாய் வரவில்லை, 'நார்ட்லாண்டிர்' என்ற அந்தப் பாடலில்லாத வாத்திய இசைக்காகவே வைத்துக்கொள்ளலாம். ஆனால் அதற்குள் அபாத் போய் எட்டு வருடம், ஹோர்க்கும் இல்லை, டெமோனாஸ் ஒருவர்தான் மிச்சம். ஒரு பாட்டின் பெயரே 'இம்மார்ட்டல்'. தனியாக நின்று குழுவின் பெயரை உரக்கச் சொல்லிக்கொள்வதுபோல எனக்குக் கேட்டது, அது கொஞ்சம் வலிக்கவும் செய்தது.

எட்டாவது இடத்தில் 'பிளிஸார்ட் பீஸ்ட்ஸ்' (1997). இங்கே கொஞ்சம் நிற்கவேண்டும், முதலிடத்துக்கான காரணம் இதிலிருந்துதான் தொடங்குகிறது. அரை மணிநேரம்கூட வராத ஆல்பம். ஒலிப்பதிவு மெலிந்து வறண்டு கிடக்கும், ரிஃப்கள், அதாவது திரும்பத் திரும்ப வரும் கிட்டார் துணுக்குகள், முறுக்கி முறுக்கி மார்பிட் ஏஞ்சல் என்ற அமெரிக்க டெத் மெட்டல் குழுவின் பக்கம் சாய்ந்து ஓடும். ஹோர்க் உள்ளே வந்த முதல் ஆல்பம் இது. நடுவில் 'மவுன்டன்ஸ் ஆஃப் மைட்' என்று ஒரே ஒரு நீளமான பாட்டு, அதில் மட்டும் வேகம் தணிந்து மலை எழும்பி நிற்கும். அடுத்த ஆல்பத்தின் வாசல் அந்தப் பாட்டு. அந்த அடுத்த ஆல்பத்துக்கு டெமோனாஸ் கிட்டாரோடு வரவில்லை. அவ்வளவு வேகமாக வாசித்து வாசித்தே கையில் தசைநாண் அழற்சி வந்து, வாசிக்கவே முடியாமல் போய்விட்டது. இம்மார்ட்டலின் சத்தம் என்று அதுவரை நாம் சொல்லிவந்ததே அந்தக் கையின் சத்தம்தான். ஒரு கிட்டார் கலைஞனுக்கு இதைவிடப் பெரிய இழப்பு என்ன இருக்கிறது?

அதைப் பிறகு சொல்கிறேன். ஏழாமிடம் 'ஆல் ஷல் ஃபால்', 2009. 2003இல் பிரிந்து மறுபடி சேர்ந்த பிறகு வந்தது, எதிர்பார்ப்பு ஏறிக் கிடந்தது. நல்ல ஆல்பம், கடைசிப் பாட்டு 'அன்எர்த்லி கிங்டம்' அபாரம். ஆனால் எல்லாம் அளந்து செய்ததுபோல இருக்கும், எனக்குப் பனியில் கால் வழுக்கவே இல்லை. ஆறாமிடம் முதல் ஆல்பம், 1992இன் 'டயபாலிக்கல் ஃபுல்மூன் மிஸ்டிசிசம்'. பாத்தரி என்ற சுவீடன் குழுவின் பாதிப்பு அப்பட்டமாகத் தெரியும், டிரம்ஸில் ஆர்மகெடா, வேகமும் பின்னாளில் இருந்த அளவு கிடையாது. ஆனால் 'கிரிப்டிக் வின்டர்ஸ்டார்ம்ஸ்' பாட்டும் 'எ பெர்ஃபெக்ட் விஷன் ஆஃப் த ரைசிங் நார்த்லேண்ட்' பாட்டும் கேளுங்கள். பிளாஷிர்க் என்ற பெயர் வருவதற்கு முன்பே அந்த நிலத்தின் எல்லைக்கோடு அங்கே விழுந்துவிட்டது.

இந்த ஆல்பத்திலிருந்துதான் 'த கால் ஆஃப் த வின்டர்மூன்' வீடியோ. காட்டுக்குள் முகத்தில் கறுப்பு வெள்ளை பூசிக்கொண்டு ஓடுவார்களே, இணையத்தில் எல்லோரும் வெட்டி ஒட்டிச் சிரிக்கும் வீடியோ. நான் சிரிப்பதில்லை. தெருக்கூத்தில் அரிதாரம் பூசி கிரீடம் வைத்து ஒருவர் விடியும்வரை துரியோதனனாக நிற்கும்போது நாம் அவர் முகத்தைப் பார்த்துச் சிரிக்கிறோமா? இருபது வயசுப் பையன்கள், கையில் காசு இல்லை, தங்கள் ஊர்க் காட்டையே ஒரு ராஜ்ஜியமாக நம்பி ஓடினார்கள். அந்த நம்பிக்கை இல்லாமல் இந்தப் பத்து ஆல்பங்களில் ஒன்றுகூட வந்திருக்காது.

ஐந்து, 'நார்தர்ன் கேயாஸ் காட்ஸ்'. 2018. அபாத் 2015இல் விலகிவிட்டார், குழுவின் பெயர் யாருக்கு என்ற தகராறெல்லாம் வெளியே வந்து, இனி அவ்வளவுதான் என்று நான் மனதைத் தேற்றிக்கொண்டிருந்த நேரம். டெமோனாஸ் திரும்பக் கிட்டாரை எடுத்தார். 1997க்குப் பிறகு இம்மார்ட்டல் ஆல்பம் ஒன்றில் அவர் கை கேட்பது அப்போதுதான், இருபத்தோரு வருடம். பாடியதும் அவரே. டிரம்ஸ் ஹோர்க், பேஸ் வாசித்தது பீட்டர் டேக்ட்கிரென். முதல் பாட்டு தொடங்கிய பத்தாவது விநாடியில் அந்தப் பழைய தேனீக்கூட்ட ரிஃப் வந்தது, அப்படியே உட்கார்ந்துவிட்டேன். கடைசிப் பாட்டு 'மைட்டி ரேவன்டார்க்', 1995இன் பிளாஷிர்க் பாட்டை நோக்கித் திரும்பிப் போகிற பாட்டு. அதைக் கேட்டு அன்றைக்கு நான் அழுதேன். இதை இன்னும் மேலே வைக்காததற்கு ஒரே காரணம், நடுவில் இரண்டு மூன்று பாட்டு ஒன்றின் மேல் ஒன்று சாய்ந்து கிடப்பதுதான்.

நான்கில் 'பேட்டில்ஸ் இன் த நார்த்', 1995. பத்துப் பாட்டு, முப்பத்தைந்து நிமிடம், இருவர் மட்டும். டிரம்ஸும் பேஸும் குரலும் அபாத், கிட்டார் டெமோனாஸ். டிரம்ஸ் பல இடங்களில் கிட்டாரை விட்டு விலகி ஓடுகிறது என்று குறை சொல்வார்கள், உண்மைதான், ஓடுகிறது. பனிப்புயலில் எது நேர்கோட்டில் போகிறது? பிளாக் மெட்டல் அட்டை என்றாலே கறுப்பு என்றிருந்த காலத்தில் அட்டை முழுக்க வெள்ளைப் பனியைப் போட்டார்கள், அந்தத் துணிச்சலே எனக்குப் பிடிக்கும். ஒன்பது பாட்டு முகத்தில் ஊசி ஊசியாகக் குத்திவிட்டு, பத்தாவதாக 'பிளாஷிர்க்' வரும்போது புயல் விலகி ராஜ்ஜியம் முழுசாகத் தெரியும். அந்த ஒரு திறப்புக்காகவே முந்தைய ஒன்பதையும் தாண்டி வரவேண்டும், தனியாக எடுத்துக் கேட்டால் அந்த அனுபவம் கிடைக்காது.

மூன்றில் 'சன்ஸ் ஆஃப் நார்தர்ன் டார்க்னஸ்', 2002. பிரான்சின் ஆஸ்மோஸ் நிறுவனத்திலிருந்து ஜெர்மனியின் நியூக்ளியர் பிளாஸ்ட்டுக்கு மாறிய பிறகு செய்த முதல் ஆல்பம். குழுவைக் கேட்டே இராத நண்பருக்கு முதலில் போட்டுக்காட்ட வேண்டும் என்றால் இதைத்தான் போடுவேன். 'டைரன்ட்ஸ்' பாட்டின் நடையைக் கேளுங்கள், யானை பனியில் நடப்பதுபோல, அவசரமே இல்லை. 'பியான்ட் த நார்த் வேவ்ஸ்' முடியும்போது கடல் தெரியும். ஒலியும் இவர்கள் செய்ததிலேயே கனமானது. இதில் குறை என்று சொல்ல எதுவும் இல்லை, மேலே இருக்கும் இரண்டும் எனக்கு இன்னும் நெருக்கம், அவ்வளவுதான்.

சரி, 'ப்யூர் ஹோலோகாஸ்ட்'. 1993. கல்லூரி விடுதியில் ஓர் அண்ணன் பென் டிரைவில் போட்டுத் தந்தார். முதல் தடவை கேட்டபோது ஒரே இரைச்சல், ஃபைல் கெட்டுப்போயிருக்கிறது என்று நினைத்து மறுபடி வாங்கிக் காப்பி செய்தேன். அதே இரைச்சல். அண்ணன், "லைட்ட அணைச்சுட்டு, ஹெட்போன் போட்டு, மொத்தமா கேளுடா" என்றார். அப்படிக் கேட்டேன். நான்காவது தடவையோ ஐந்தாவது தடவையோ, 'த சன் நோ லாங்கர் ரைசஸ்' ஓடிக்கொண்டிருக்கும்போது அந்த இரைச்சலுக்கு அடியிலிருந்து மெதுவாக ஒரு சோகமான மெட்டு மேலே வந்தது. அது அதுவரையும் அங்கேயேதான் இருந்திருக்கிறது, என் காதுதான் அதைப் பிடிக்கப் பழகியிருக்கவில்லை. பிளாக் மெட்டல் என்றால் என்ன என்று எனக்குப் புரிந்த இரவு அது.

பெர்கனில் கிரீக்ஹாலன் என்ற பெரிய இசையரங்கம் இருக்கிறது, செவ்வியல் இசையமைப்பாளர் எட்வர்ட் கிரீக்கின் பெயரில். அங்கே பிட்டன் என்று எல்லோரும் அழைக்கும் ஒலிப்பதிவாளரிடம் பதிவு செய்தது. மேஹெம், எம்பரர் என்று அந்தத் தலைமுறையின் முக்கியமான பதிவுகள் பல அவர் கை பட்டவை. அட்டையில் மூன்று பேர் நிற்பார்கள், மூன்றாமவர் கிரிம். ஆனால் ஆல்பத்தில் டிரம்ஸ் வாசித்தது அபாத்தான். எட்டுப் பாட்டு, ஒன்றில்கூட மூச்சு விட இடம் கிடையாது. டெமோனாஸின் கை உச்சத்தில் இருந்த ஆல்பம் இது. இப்படி ஒரே சுவராக எழும்பி நிற்கும் கிட்டாரை அதற்குப் பிறகு எத்தனையோ பேர் முயன்றுவிட்டார்கள், எனக்கு இதற்குப் பக்கத்தில் வந்ததாக ஒன்றும் தோன்றவில்லை.

அப்புறம் அந்தக் கை போனது. வேறு குழுவாக இருந்தால் புதிதாக ஒரு கிட்டார்காரரைத் தேடியிருப்பார்கள், அதே வேகத்தில் வாசிக்கக்கூடியவராக. இங்கே அபாத் தானே கிட்டாரை எடுத்துக்கொண்டார். டெமோனாஸும் போய்விடவில்லை, பாட்டெழுதுகிறவராக உடனேயே இருந்தார். வாசிக்க முடியாத நண்பனின் சொற்களுக்கு இன்னொரு நண்பன் கிட்டார் வாசித்து, பேஸ் வாசித்து, பாடி, ஹோர்க் டிரம்ஸ் அடித்து, சுவீடனில் டேக்ட்கிரெனின் அபிஸ் ஸ்டுடியோவுக்குப் போய் பதிவு செய்தார்கள். அதுதான் 'அட் த ஹார்ட் ஆஃப் வின்டர்'. ஆறே பாட்டு, 46 நிமிடம்.

அபாத்தின் வலக்கை வேறு மாதிரியானது. டெமோனாஸ் திரையாக நெய்த இடத்தில் இவர் பாறை பாறையாக அடுக்குகிறார். பழைய ஹெவி மெட்டல், த்ராஷ் எல்லாம் உள்ளே வருகிறது, ரிஃப்களுக்கு நடுவே காற்று புகுகிறது. 'வித்ஸ்டாண்ட் த ஃபால் ஆஃப் டைம்' எட்டு நிமிடத்துக்கு மேல் ஓடுகிறது, ஒரு விநாடி அலுப்பதில்லை. 'சோலார்ஃபால்' நடுவில் எல்லாம் அடங்கி வெறும் கிட்டார் மட்டும் சுத்தமான ஒலியில் ஒலிக்கும் இடம் வரும், பகல் மடிந்து நீலமாகிற நேரம்போல இருக்கும், பிறகு டிரம்ஸ் திரும்ப வரும்போது உடம்பு சிலிர்க்கும். எத்தனை நூறு தடவை கேட்டிருப்பேன், இன்னமும் சிலிர்க்கிறது.

அட்டையையும் பாருங்கள். அதுவரை வந்த நான்கு ஆல்பங்களிலும் அட்டையில் குழுவினர் முகம் பூசிக்கொண்டு நிற்பார்கள். இதில்தான் முதன்முறையாக யாருமே இல்லை. பனியில் உறைந்த ஒரு கோட்டை, ஃபூர்னியே வரைந்த ஓவியம், அவ்வளவுதான். நான் மேலே சொன்ன ஆளில்லாத திணை முழுசாக வந்தது இந்த ஆல்பத்தில்தான். 'ப்யூர் ஹோலோகாஸ்ட்' கேட்கும்போது நான் புயலுக்குள் இருக்கிறேன், கண்ணைத் திறக்க முடியாது. இதில் புயல் ஓய்ந்துவிட்டது, நிலம் எவ்வளவு தூரம் கிடக்கிறது என்று தெரிகிறது. இந்த வித்தியாசம் எனக்கு உறைத்தது சில வருடம் முன்பு, அப்பாவை ஆஸ்பத்திரியில் சேர்த்துவிட்டு இரவில் வராந்தா பெஞ்சில் உட்கார்ந்து திரும்பத் திரும்ப இதையே கேட்டுக்கொண்டிருந்தபோது. வேகமான எதையும் அப்போது கேட்க முடியவில்லை. இது மட்டும் கூடவே இருந்தது, கடைசிப் பாட்டு 'இயர்ஸ் ஆஃப் சைலன்ட் சாரோ' முடிந்ததும் மறுபடி முதலிலிருந்து. அன்றைக்கு மாறிய வரிசை பிறகு மாறவே இல்லை.

அபாத்தும் டெமோனாஸும் இன்று தனித்தனியே இருக்கிறார்கள். யார் பக்கம் நியாயம் என்று பேச எனக்கு ஆர்வம் இல்லை, இருவர் பாட்டையும் கேட்கிறேன். ஆனால் ஒருவர் கை போனபோது மற்றவர் அந்தக் கிட்டாரை எடுத்த 1999ஐ நினைக்காமல் இந்த ஆல்பத்தை என்னால் கேட்கவே முடியாது.

உங்கள் வரிசையைக் கமென்ட்டில் போடுங்கள். முக்கியமாக 'டேம்ன்ட் இன் பிளாக்' பிடித்தவர்கள் யாராவது இருந்தால், எந்தப் பாட்டு, எந்த நிமிடம் என்று எழுதுங்கள். இந்த வாரம் அதை மறுபடி எடுக்கப்போகிறேன்.