டியூபைத் திருப்பிப் பாருங்கள்

ஒன்றரை வருடம் என் பல்லுக்குப் பொருந்தாத பேஸ்ட்டைப் போட்டுத் தேய்த்திருக்கிறேன். பல் பளிச்சென்று ஆகும் என்று அட்டையில் போட்டிருந்தது, வாங்கினேன். ஆரம்பத்தில் கறை கொஞ்சம் மங்கியது உண்மைதான். அப்புறம் குளிர்ந்த தண்ணீர் பட்டால் மேல் வரிசையில் ஒரு பல் சுரீர் என்றது. சரியாகத் தேய்க்கவில்லை போல என்று நினைத்து இன்னும் அழுத்தித் தேய்த்தேன்.

பல் டாக்டர் என் கையில் கண்ணாடியைக் கொடுத்து, அந்தப் பல்லில் ஈறை ஒட்டிய இடத்தில் நகத்தை வைத்து மெதுவாக இழுத்துப் பார்க்கச் சொன்னார். நகம் ஒரு பள்ளத்தில் மாட்டிக்கொண்டு நின்றது. ‘பல்லின் கெட்டியான மேலுறையான எனாமல் ஒருமுறை தேய்ந்து போனால் திரும்ப வளராது’ என்றார். அடுத்து அவர் கேட்டது, என்ன பேஸ்ட், எவ்வளவு அழுத்தித் தேய்க்கிறீர்கள் என்று. அன்றைக்குத்தான் முதன்முதலாக டியூபின் பின்பக்கத்தைப் படித்தேன். நீங்களும் இன்றைக்கு ஒருமுறை படித்துவிட வேண்டும் என்பதற்காகவே இதை எழுதுகிறேன்.

முதலில் தேட வேண்டியது ஃபுளோரைடு. சோடியம் ஃபுளோரைடு, சோடியம் மோனோஃபுளோரோபாஸ்பேட், ஸ்டேனஸ் ஃபுளோரைடு என்று ஏதாவது ஒரு பெயரில் இருக்கும். பக்கத்திலேயே பிபிஎம், அதாவது பத்து லட்சம் பங்கில் எத்தனை பங்கு ஃபுளோரைடு என்று ஒரு எண்ணும் இருக்கும். பெரியவர்களுக்கு அது 1000-க்கும் 1500-க்கும் இடையில் இருந்தால் போதும். இது ஏன் இவ்வளவு முக்கியம்? இனிப்பையும் மாவுச்சத்தையும் தின்று வாயிலுள்ள பாக்டீரியா அமிலத்தைச் சுரக்கிறது. அமிலத்தன்மை கூடக் கூடக் குறையும் பிஎச் அளவு 5.5-க்குக் கீழே போனதும் எனாமலிலிருந்து கால்சியமும் பாஸ்பேட்டும் கரையத் தொடங்கிவிடும். எச்சில் அவற்றைத் திரும்பக் கொண்டுவந்து சேர்க்கும். நாள் முழுக்க இந்தக் கரைவதும் சேர்வதும் நடந்துகொண்டே இருக்கிறது. சேரும் நேரத்தில் ஃபுளோரைடு கூட இருந்தால், புதிதாகப் படியும் தாது அமிலத்தைக் கூடுதலாகத் தாங்கும். சொத்தையைத் தடுப்பது இதுதான். வாசனையோ நுரையோ அந்த வேலையைச் செய்வதில்லை.

பல் கூச்சத்துக்கான பேஸ்ட் பற்றி நிறையப் பேருக்குத் தவறான எதிர்பார்ப்பு இருக்கிறது, எனக்கும் இருந்தது. எனாமலுக்கு அடியில் இருக்கும் டென்டின் முழுக்கக் கண்ணுக்குத் தெரியாத நுண்குழாய்கள். ஈறு இறங்கியோ பல் தேய்ந்தோ அவை திறந்துகொண்டால் குளிர்ச்சி அவற்றின் வழியாக நரம்பைத் தூண்டும். பொட்டாசியம் நைட்ரேட் சேர்த்த பேஸ்ட் அந்த நரம்பை அமைதிப்படுத்துகிறது. ஸ்டேனஸ் ஃபுளோரைடு, அர்ஜினின் போன்றவை குழாய்களின் வாயை அடைக்கின்றன. பொட்டாசியம் நைட்ரேட் வேலை செய்ய இரண்டிலிருந்து நான்கு வாரம் ஆகலாம், தினமும் இரண்டு வேளை விடாமல் தேய்க்க வேண்டும். நான்கு நாள் பார்த்துவிட்டு இது வேலைக்கு ஆகாது என்று விட்டுவிடாதீர்கள். ஒரே ஒரு பல் மட்டும் வலித்தாலோ, கடிக்கும்போது வலித்தாலோ பேஸ்ட்டை மாற்றிக்கொண்டு நாளைக் கடத்தக் கூடாது. சொத்தையாகவோ விரிசலாகவோ இருக்கலாம், டாக்டரிடம் போய்விடுங்கள்.

வெண்மை தருவதாகச் சொல்லும் பேஸ்ட்டுகள் பெரும்பாலும் மேலே படிந்த கறையைத்தான் எடுக்கும், பல்லின் உள்நிறத்தை மாற்றாது. சிலவற்றில் உராய்வுத் துகள் அதிகம். ஒரு பேஸ்ட் டென்டினை எந்த அளவுக்கு உராய்கிறது என்பதற்கு ஆர்டிஏ என்று ஓர் அளவு இருக்கிறது, 250 அதன் உச்ச வரம்பு. டியூபில் அதை அச்சிடுவதே அபூர்வம். ஈறு இறங்கியவர்கள், பல் கூசுகிறவர்கள் இந்த வகையை விட்டு விலகி இருப்பதே நல்லது. கரி கலந்த பேஸ்ட்டை நான் வீட்டுக்குள் சேர்ப்பதில்லை. அவற்றில் பலவற்றில் ஃபுளோரைடே கிடையாது.

டியூபின் அடியில் இருக்கும் வண்ணப் பட்டையைப் பார்த்து, பச்சை என்றால் இயற்கை, கறுப்பு என்றால் ரசாயனம் என்று ஒரு செய்தி வருடக்கணக்காகச் சுற்றுகிறது. தயவுசெய்து அதை யாருக்கும் அனுப்பாதீர்கள். டியூபை எங்கே வெட்டி ஒட்ட வேண்டும் என்று இயந்திரத்துக்குக் காட்டும் குறி அது, அவ்வளவுதான்.

அடிக்கடி வாய்ப்புண் வருகிறவர்கள் நுரைக்காகச் சேர்க்கும் சோடியம் லாரில் சல்பேட் இல்லாத பேஸ்ட்டை முயன்று பார்க்கலாம். சிலருக்குப் புண் வருவது குறைகிறது. நுரை குறைவாக வந்தால் சுத்தமாகவில்லை என்று அர்த்தமில்லை.

குழந்தைகள் விஷயத்தில் அளவு ரொம்ப முக்கியம். மூன்று வயது வரை ஒரு அரிசி மணி அளவு பேஸ்ட், மூன்றிலிருந்து ஆறு வயது வரை ஒரு பட்டாணி அளவு. விளம்பரத்தில் பிரஷ் நீளத்துக்குப் பிழிவதைப் பார்த்து அப்படியே செய்கிறோம். பிள்ளைகள் பாதியை விழுங்கிவிடுவார்கள். பல் உருவாகிக்கொண்டிருக்கும் வயதில் ஃபுளோரைடு அளவுக்கு மீறி உள்ளே போனால், பின்னால் முளைக்கும் நிரந்தரப் பல்லில் வெள்ளைத் திட்டுகள் விழும். எங்கள் வீட்டில் மகளின் பிரஷ்ஷில் பேஸ்ட் வைப்பது பெரியவர்கள் வேலை.

இன்னொன்று, தேய்த்து முடித்ததும் வாய் நிறையத் தண்ணீர் விட்டுக் கொப்பளிக்காதீர்கள். இருக்கிற ஃபுளோரைடில் பெரும்பகுதி அதோடு போய்விடும். எச்சிலையும் நுரையையும் துப்பிவிட்டு அப்படியே விட்டுவிடுங்கள். முதல் வாரம் வாய் பிசுபிசுவென்று இருக்கும், அப்புறம் பழகிவிடும். இரவில் இதைக் கட்டாயம் செய்யுங்கள், தூங்கும்போது எச்சில் குறைவாகத்தான் சுரக்கும்.

அம்மாவுக்கு இந்தக் கணக்கெல்லாம் வேறு. அவர் சாப்பிடும் மாத்திரைகளால் வாய் எப்போதும் வறண்டே இருக்கிறது, ஈறு இறங்கி வேரில் சொத்தை தொடங்கியிருந்தது. டாக்டர் 5000 பிபிஎம் ஃபுளோரைடு உள்ள பேஸ்ட்டைச் சீட்டில் எழுதிக் கொடுத்தார். நாங்களாக வாங்கிப் போடக்கூடியது இல்லை அது. அந்த டியூபை மட்டும் மகளின் கைக்கு எட்டாத மேல்தட்டில், அம்மாவின் பெயர் எழுதித் தனியாக வைத்திருக்கிறோம்.