ஆம்ப் வாங்கும்போது வாட்டை மட்டும் பார்க்காதீர்கள்

நல்ல ஸ்பீக்கர் வாங்கப் போகிறவர்கள் பெரும்பாலும் இரண்டு கேள்விகள் கேட்கிறார்கள். "இதுக்கு எத்தனை வாட் ஆம்ப் போடணும்?" என்பது ஒன்று. (ஆம்ப் என்றால் ஸ்பீக்கரை ஓட்டும் ஆம்ப்ளிஃபயர்.) "இந்த ஸ்பீக்கர் கொஞ்சம் பிரைட்டாமே, வார்மான ஆம்ப் போட்டா சரியாயிடுமா?" என்பது இன்னொன்று. (பிரைட் என்றால் மேல்ஸ்தாயி ஒலி தூக்கலாகக் கேட்பது, வார்ம் என்றால் அது அடங்கி இதமாகக் கேட்பது.) இரண்டுமே தேடலைத் தப்பான பக்கம் இழுத்துவிடும் என்பது என் உறுதியான கருத்து. அருமையான ஸ்பீக்கரை வாங்கி, அதை ஓட்டத் தெம்பில்லாத ஆம்ப்பில் மாட்டி, கடைசியில் ஸ்பீக்கரைக் குறை சொல்லி விற்றுவிடுகிறார்கள். அதைப் பார்க்கும்போது மனசுக்குக் கஷ்டமாக இருக்கிறது. அதனால் கொஞ்சம் நீளமாகவே எழுதுகிறேன்.

முதலில் ஸ்பீக்கரை முடிவு செய்யுங்கள். ஆம்ப் அதற்குப் பிறகுதான். "சோர்ஸ்தான் முதல், ஸ்பீக்கர் கடைசி" என்று 1970-களில் ரெக்கார்ட் பிளேயர் செய்யும் லின் நிறுவனம் பெரிதாக வாதாடியது. சோர்ஸ் என்றால் பாட்டை எடுத்துத் தரும் கருவி. ரெக்கார்ட் பிளேயர் காலத்தில் அந்த வாதத்தில் நியாயம் இருந்தது. இன்றைக்கு ஓரளவு நல்ல டிஜிட்டல் சோர்ஸ்களுக்கு இடையே உள்ள வித்தியாசம் மிகச் சிறியது. ஸ்பீக்கருக்கு ஸ்பீக்கர் உள்ள வித்தியாசமோ மலையளவு. அதோடு ஸ்பீக்கர் உங்கள் அறையோடு சேர்ந்துதான் பாடும். 5 மீட்டர் நீள அறையில் சுமார் 34 ஹெர்ட்ஸில் ஒரு அதிர்வு தானாகவே எழும். அந்த இடத்தில் பலமாக அடிக்கும் பெரிய ஸ்பீக்கரைக் கொண்டுவந்து வைத்தால் பேஸ் (கீழ்ஸ்தாயி ஒலி) கும்மென்று அடைத்துக்கொள்ளும். எந்த ஆம்ப்பும் அதைச் சரிசெய்யாது.

அதேபோல, பிரைட்டான ஸ்பீக்கரை "ஆம்ப்பில் சரிக்கட்டிக்கொள்ளலாம்" என்று நினைத்து வாங்கவே வாங்காதீர்கள். ஒரு குறையை இன்னொரு குறையால் மூடினால் இரண்டும் அங்கேயேதான் இருக்கும். தெரிந்த குரல் ஒன்றைப் போட்டு அரை மணி நேரம் கேளுங்கள். காது களைத்துப்போனால் அந்த ஸ்பீக்கரை விட்டுவிட்டு அடுத்ததைப் பாருங்கள்.

சரி, ஸ்பீக்கர் முடிவாகிவிட்டது. இப்போது கணக்குக்கு வருவோம்.

ஸ்பீக்கரின் விவரத் தாளில் சென்சிட்டிவிட்டி என்று போட்டிருப்பது, 2.83 வோல்ட் கொடுத்து 1 மீட்டரில் அளந்தால் எத்தனை டெசிபல் சத்தம் வருகிறது என்பது. ஓம் என்பது கரண்டுக்கு ஸ்பீக்கர் காட்டும் தடையின் (இம்பீடன்ஸ்) அளவு. 8 ஓமில் 2.83 வோல்ட் என்றால் 1 வாட். 4 ஓமில் அதே 2.83 வோல்ட் 2 வாட் ஆகிவிடும். ஆகவே 4 ஓம் ஸ்பீக்கரில் 88 டெசிபல் என்று அச்சிட்டிருந்தால், ஒரு வாட்டுக்கு 85 என்றே எடுத்துக்கொள்ளுங்கள்.

84 டெசிபல், 8 ஓம் ஸ்பீக்கர் ஒரு ஜோடி இருக்கிறது, நீங்கள் 3 மீட்டர் தள்ளி உட்கார்ந்திருக்கிறீர்கள் என்று வைத்துக்கொள்வோம். தூரத்தில் கொஞ்சம் போய், இரண்டு ஸ்பீக்கர் சேர்வதில் கொஞ்சம் கூடி, ஸ்பீக்கருக்கு 1 வாட் வீதம் கொடுத்தால் உங்கள் காதில் ஏறக்குறைய 80 டெசிபல் விழும். தாராளமான சத்தம்தான். ஆனால் நன்றாகப் பதிவு செய்த இசையில் டிரம் அடியோ பியானோவின் ஓங்கிய ஸ்வரமோ சராசரியைவிட 20 டெசிபல் வரை எகிறும். 3 டெசிபல் கூட்ட இரண்டு மடங்கு வாட் வேண்டும், 20 டெசிபலுக்கு நூறு மடங்கு. ஆக, சராசரியாக 1 வாட்டில் ஓடும் அதே ஆம்ப் அந்த ஒரு நொடிக்கு 100 வாட் கொடுத்தாக வேண்டும். இதுவே 90 டெசிபல் ஸ்பீக்கர் என்றால் 25 வாட் போதும். 98 டெசிபல் ஹார்ன் ஸ்பீக்கர் என்றால் 4 வாட். 300பி என்ற ட்யூபை (பழைய பாணி வெற்றிடக் குழாய்) ஒற்றையாகப் போட்ட 8 வாட் ஆம்ப்பை வைத்துக்கொண்டு சிலர் எப்படி அவ்வளவு சந்தோஷமாகக் கேட்கிறார்கள் என்பதற்கு விளக்கம் இதுதான்.

ஆனால் இது பாதிக் கணக்குதான். மீதிப் பாதி ஓமில் இருக்கிறது, பலரும் கோட்டை விடுவது அங்கேதான். 8 ஓம் என்று அச்சிட்ட ஸ்பீக்கர் எல்லா அலைவரிசையிலும் 8 ஓம் கிடையாது. சர்வதேசத் தரப்படி 8 ஓம் என்று போட்டால் 6.4-க்குக் கீழே இறங்கக்கூடாது. நடைமுறையில் 3 ஓம் வரை இறங்கும் "8 ஓம்" ஸ்பீக்கர்களைத் தாராளமாகப் பார்க்கலாம். 20 வோல்ட்டுக்கு 8 ஓமில் 2.5 ஆம்பியர் கரண்ட் போதும். 2 ஓமில் அதே 20 வோல்ட்டுக்கு 10 ஆம்பியர் வேண்டும். அந்தப் பள்ளம் பேஸ் பகுதியில், அதுவும் ஃபேஸ் கோணம் (வோல்ட்டும் கரண்டும் ஒன்றுக்கொன்று முன்பின்னாக விலகும் அளவு) அதிகமாக இருக்கும் இடத்தில் விழுந்தால் ஆம்ப் திணறும். கேட்பவருக்கு அது கரண்ட் பற்றாக்குறையாகத் தெரியாது. "பேஸ் தொளதொளன்னு இருக்கு, சத்தம் கூட்டினா கத்துது" என்றுதான் தெரியும்.

இதற்கு உச்சகட்ட உதாரணம் 1980-களில் வந்த அப்போஜி சின்டில்லா என்ற ரிப்பன் (மெல்லிய உலோக நாடா அதிரும்) ஸ்பீக்கர். வெறும் 1 ஓம். எத்தனையோ ஆம்ப்கள் அதன் முன்னால் மண்டியிட்டன. கிரெல் போன்ற கனத்த ஆம்ப்கள் பேர் வாங்கியதில் அதற்கும் பங்கு உண்டு. எதிர்ப்பக்கம் பிபிசிக்காக வடிவமைத்த எல்எஸ்3/5ஏ என்ற சின்ன ஸ்பீக்கர். சென்சிட்டிவிட்டி 83 டெசிபல் அளவுதான், எண்ணைப் பார்த்தால் பயமாக இருக்கும். ஆனால் பழைய மாடல் 15 ஓம் என்பதால் ஆம்ப்புக்கு எந்தத் தொந்தரவும் தராது. சின்ன அறையில் சாதாரண ட்யூப் ஆம்ப்போடு அழகாகப் பாடும்.

வாட் கூடினால் எப்போதும் நல்லது என்பதும் சரியில்லை. குவாட் நிறுவனர் பீட்டர் வாக்கரின் குவாட் எலெக்ட்ரோஸ்டாட்டிக் (மின்புலத்தால் மெல்லிய படலம் அதிரும் ஸ்பீக்கர்) 1957-இல் வந்தது. அவருடைய 15 வாட் குவாட் II ட்யூப் ஆம்ப்போடு சேர்ந்து ஓடிய ஸ்பீக்கர் அது. இன்றைய 200 வாட் ஆம்ப்பை அதில் மாட்டி வால்யூமைத் திருகினால் உள்ளே பொறி பறந்து பேனல் போய்விடும்.

ட்யூப் ஆம்ப்பின் "இனிமை" பற்றியும் ஒன்று சொல்ல வேண்டும். அதன் அவுட்புட் இம்பீடன்ஸ் (ஆம்ப்பின் சொந்த உள்தடை) 2 ஓம் என்றும், உங்கள் ஸ்பீக்கர் 4 ஓமுக்கும் 20 ஓமுக்கும் இடையே ஏறி இறங்குகிறது என்றும் வைத்துக்கொண்டால், அந்த ஏற்ற இறக்கம் ஒலியிலேயே 2.7 டெசிபல் வரை மேடு பள்ளமாக வந்துவிடும். காதுக்கு நிச்சயமாகக் கேட்கும். பிடித்திருந்தால் தாராளமாக வைத்துக்கொள்ளுங்கள். ஆனால் அது அந்த ஆம்ப்பும் அந்த ஸ்பீக்கரும் சேர்ந்த குணம். ஸ்பீக்கரை மாற்றினால் வேறு மாதிரி கேட்கும்.

அப்புறம் கேபிள். தடிமனான செம்புக் கம்பி, இறுக்கமான இணைப்பு, போதும்.

எனவே ஆம்ப் விவரத் தாளில் முதல் பக்க வாட்டைத் தாண்டிப் படியுங்கள். 8 ஓமில் 100 வாட், 4 ஓமில் 190 அல்லது 200 என்று ஏறுகிறதா? அப்படியானால் பவர் சப்ளையில் சத்து இருக்கிறது. 4 ஓமில் 120-இலேயே நின்றுவிட்டாலோ, 4 ஓம் பற்றி மூச்சே விடாவிட்டாலோ, கடினமான ஸ்பீக்கருக்கு அது வேண்டாம். ஸ்பீக்கரின் இம்பீடன்ஸ் வரைபடத்தை நிறுவனம் தராவிட்டாலும் அளந்து வெளியிடும் விமர்சகர்கள் இருக்கிறார்கள், தேடினால் கிடைக்கும்.

இரண்டு ஆம்ப்களை ஒப்பிடும்போது சத்தத்தைச் சமமாக்காமல் முடிவெடுக்காதீர்கள். கொஞ்சம் சத்தமாகப் பாடுவது எப்போதுமே நிறைவாகக் கேட்கும், காதின் இயல்பு அது. 1 கிலோஹெர்ட்ஸ் டோனை மெதுவாக ஓடவிட்டு, ஸ்பீக்கர் முனையில் மல்டிமீட்டர் வைத்து, இரண்டு ஆம்ப்பிலும் ஒரே வோல்ட் வருகிற மாதிரி வால்யூமை நிறுத்துங்கள். பிறகு எந்த ஆம்ப் ஓடுகிறது என்று உங்களுக்குத் தெரியாமல் வேறொருவரை மாற்றச் சொல்லி, உங்கள் அறையில், நீங்கள் வழக்கமாகக் கேட்கும் உச்ச சத்தத்தில் கேளுங்கள். வித்தியாசம் தெரியவில்லை என்றால் விலை குறைந்ததை எடுத்துக்கொண்டு, மிச்சப் பணத்தை அறை மூலைகளில் பேஸைக் கட்டுப்படுத்தவும் பக்கச் சுவரின் எதிரொலியை அடக்கவும் செலவழியுங்கள்.