பாலம் எங்கே போய் இறங்குகிறது?

வேலூரில் பாலம் என்று பேச்சு எடுத்தாலே எத்தனை கோடி, எத்தனை அடி அகலம், எப்போது திறப்பு விழா என்றுதான் கேட்கிறோம். ஏறும் இடமும் இறங்கும் இடமும் எப்படி இருக்கும் என்று கேட்பவர்கள் குறைவு. நெரிசல் பெரும்பாலும் பாலத்தின் மேல் பிறப்பதில்லை. பாலம் போய்ச் சேரும் முனையில் பிறந்து, பின்னாலேயே வளர்ந்து, கடைசியில் பாலத்தின் மேல் வந்து நிற்கிறது. புது பஸ் ஸ்டாண்டு பக்கத்து கிரீன் சர்க்கிள் சந்திப்பு அடைத்துக்கொண்ட நேரத்தில் பாலாற்றுப் பாலத்தின் நடுவில் நின்றவர்களுக்கு இதை விளக்க வேண்டியதில்லை.

நான் காங்கேயநல்லூரில் இருப்பவள். வேலை ஆற்றுக்கு அந்தப் பக்கம், சத்துவாச்சாரியில். இரண்டு ஊருக்கும் நடுவில் பாலாற்றின் குறுக்கே ஒரு பாலம் வேண்டும் என்பது எங்கள் பகுதியில் பழைய கோரிக்கை. ஆறு காய்ந்து கிடக்கும் மாதங்களில் மணலில் விழுந்த தடத்தைப் பிடித்து பைக்குகள் போய்வரும். தண்ணீர் வந்துவிட்டால் விருதம்பட்டுக்குப் போய், பாலாற்றுப் பாலத்தில் ஏறி, கிரீன் சர்க்கிளில் இறங்கி, ஹைவேயைப் பிடித்து மறுபடியும் கிழக்கே வரவேண்டும். கூப்பிட்டால் கேட்கும் தூரத்தில் இருக்கிற ஊருக்கு அவ்வளவு சுற்று. கலெக்டர் ஆபீஸில் மனு கொடுக்கப் போகும் வயதானவர்களும், அந்தப் பக்கம் வீட்டு வேலைக்கும் கடை வேலைக்கும் போகும் பெண்களும் இந்தச் சுற்றுக்குத் தங்கள் நேரத்தையும் ஆட்டோ காசையும் கொடுத்துக்கொண்டே இருக்கிறார்கள். அதனால் பாலம் வேண்டாம் என்று நான் சொல்கிறேன் என யாரும் நினைத்துவிட வேண்டாம். வேண்டும். கட்டாயம் வேண்டும். எப்படி வேண்டும் என்பதைத்தான் எழுதுகிறேன்.

வேலூரின் அமைப்பைக் கொஞ்சம் யோசித்துப் பாருங்கள். கோட்டை, சி.எம்.சி., மார்க்கெட், புது பஸ் ஸ்டாண்டு எல்லாம் ஆற்றுக்குத் தெற்கே. காட்பாடி ஜங்ஷன், வி.ஐ.டி., காந்தி நகர், சித்தூர் போகும் வழி எல்லாம் வடக்கே. 1900-ல் ஐடா ஸ்கடர் சின்னதாக ஆரம்பித்த சி.எம்.சி. மருத்துவமனைக்கு இன்று வங்காளத்திலிருந்தும் ஜார்க்கண்டிலிருந்தும் வருகிறவர்கள் ரயிலை விட்டு இறங்குவது காட்பாடியில், போகவேண்டியது வேலூருக்குள். 1984-ல் ஒரு பொறியியல் கல்லூரியாகத் தொடங்கிய வி.ஐ.டி.யின் மாணவர்கள் வார இறுதியில் வருவதும் இதே ரோட்டில். ஆந்திராவிலிருந்து வரும் லாரிகளும் பஸ்களும் இதே ரோட்டில். தாராபடவேடு, கழிஞ்சூர், சத்துவாச்சாரி எல்லாம் 2011-ல் மாநகராட்சியோடு சேர்ந்தன. கணக்கில் ஒரே நகரம் ஆகிவிட்டது. ஆனால் நகரத்தின் இரண்டு பாதிகளையும் பிணைப்பது முக்கியமாக ஒரே ரோடு. அந்த ஒரே ரோட்டில் இரண்டு கழுத்துகள்: காட்பாடி ரயில்வே மேம்பாலம் ஒன்று, பாலாற்றுப் பாலம் இன்னொன்று.

2022 ஜூனில் காட்பாடி மேம்பாலத்தைப் பழுதுபார்க்க மூடினார்களே, ஞாபகம் இருக்கிறதா? அந்த நாட்களில் ஊரே ஒரு பாடம் படித்தது. மாற்று வழி என்று ஒன்று சரியாக இல்லாத நகரத்தில் ஒரு பாலத்தின் இணைப்புகளைச் சரிசெய்வதுகூட எல்லோருடைய வாழ்க்கையையும் கலைத்துவிடுகிறது. பள்ளி நேரம், ரயில் நேரம், டாக்டர் கொடுத்த நேரம் எல்லாம் குழம்பின. எங்கள் தெருவில் ஒரு பெரியவருக்கு வாரந்தோறும் சிகிச்சைக்குப் போகவேண்டியிருந்தது. அவருடைய மகள் வழக்கத்தைவிட வெகு முன்னதாக வீட்டை விட்டுக் கிளம்பி, போய்ச் சேர்ந்த பிறகு வெளியே மரத்தடியில் காத்திருப்பார்கள். தாமதமாகிவிடுமோ என்ற பயம் அப்படி.

அந்த மேம்பாலத்துக்குப் பக்கத்திலேயே இன்னொரு பாலம் என்ற பேச்சு பல காலமாக இருக்கிறது. இருக்கிற பாலம் குறுகல், வயதும் ஆகிவிட்டது. ஒன்றைப் பழுதுபார்க்கும்போது இன்னொன்று ஓடும் என்ற ஒரு காரணமே அதற்குப் போதும். ஆனால் இரண்டாவது பாலம் வந்ததும் காட்பாடி நெரிசல் தீர்ந்துவிடும் என்று சொல்பவர்களை என்னால் ஒப்புக்கொள்ள முடியவில்லை. இரண்டும் இறங்கப்போவது காட்பாடியில் இருக்கிற அதே சித்தூர் பஸ் ஸ்டாண்டு பக்கம்தானே? அங்கே பஸ் நிற்கும் இடம் பாலத்தின் காலடியிலேயே இருக்கிறது. பஸ் நின்றால் பின்னால் ஷேர் ஆட்டோ நிற்கும், அதன் பக்கவாட்டில் ஆள் ஏறும், வள்ளிமலை ரோட்டுக்குத் திரும்புகிற வண்டி குறுக்கே வரும்.

சாலைப் பொறியியலில் ஒரு கணக்கு உண்டு. பச்சை விளக்கு அணையாமலே இருந்தால் ஒரு தடத்தில் மணிக்குச் சுமார் 1,800 கார் கடக்கலாம். உங்கள் பக்கத்துக்குப் பாதி நேரம்தான் பச்சை என்றால் 900. நான்கு பக்கமும் சமமாகப் பங்கு கேட்கும் சந்திப்பில் 450. நம் ஊரில் காரோடு பைக், ஆட்டோ, பஸ், தள்ளுவண்டி எல்லாம் கலந்து ஓடுவதால் எண்கள் மாறும், கணக்கின் போக்கு மாறாது. பாலத்தை நான்கு வழியாக்கினாலும் ஆறு வழியாக்கினாலும், அது சேரும் சந்திப்பு எவ்வளவு விடுகிறதோ அவ்வளவுதான் போகும். அண்டா எவ்வளவு பெரிதாக இருந்தாலும் புனலின் வாய் அளவுக்குத்தானே தண்ணீர் இறங்கும்?

இதில் இன்னொரு விஷயமும் இருக்கிறது. அந்தோணி டவுன்ஸ் என்ற அமெரிக்கப் பொருளாதார அறிஞர் 1962-லேயே எழுதிவிட்டார்: பெருநகரங்களில் ரோட்டை அகலமாக்கினால், உச்ச நேர நெரிசல் மறுபடியும் அந்த அகலத்தை நிரப்பும் அளவுக்கு வளர்ந்துவிடும். முன்பு நேரம் மாற்றிப் போனவர்கள், வேறு வழியில் போனவர்கள், பஸ்ஸில் போனவர்கள் எல்லோரும் சௌகரியமான புது வழிக்கு வந்துவிடுகிறார்கள். 1968-ல் பிராஸ் என்ற ஜெர்மன் கணித அறிஞர் இன்னும் ஒரு படி மேலே போய், சில அமைப்புகளில் புதிதாக ஒரு இணைப்பைச் சேர்த்தால் எல்லோருடைய பயண நேரமும் கூடிவிடலாம் என்று கணக்குப் போட்டே காட்டினார்.

சரி, அப்படியானால் காங்கேயநல்லூர்ப் பாலம் மட்டும் எதற்கு? அது இருக்கிற பாலத்துக்கு ஜோடியாகப் பக்கத்தில் வருவதில்லை. வேறு இடத்தில் ஏறி வேறு இடத்தில் இறங்குகிறது. கலெக்டர் ஆபீஸ், கோர்ட் பக்கம் போகவேண்டிய வடகரை ஆட்கள் கிரீன் சர்க்கிளைத் தொடவே வேண்டியதில்லை. புது பஸ் ஸ்டாண்டில் வேலையே இல்லாதவர்கள் அதன் வாசலைச் சுற்றிக்கொண்டு போகும் நிலை மாறும். பழைய பாலத்தில் ஒரு விபத்து நடந்தாலும், பழுது வந்தாலும் நகரம் இரண்டாகப் பிளந்து நிற்காது. இதனால்தான் இந்தப் பாலத்தை மனதார ஆதரிக்கிறேன்.

ஆனால் இறங்கும் இடம்?

சத்துவாச்சாரிப் பக்கம் முதலில் எதிர்ப்படுவது சென்னை - பெங்களூர் நெடுஞ்சாலையும் அதன் சர்வீஸ் ரோடும். இன்றைக்கே அந்த சர்வீஸ் ரோட்டில் ராங் சைடில் வருகிற பைக்குகளுக்குப் பயந்துதான் போகிறோம். சுற்றிவர அலுப்புப்பட்டு எதிர்த்திசையில் வருகிறவர்களைத் திட்டிப் பயனில்லை. திரும்புவதற்கு அருகிலேயே வழி இல்லாத ரோட்டில் ஜனங்கள் தாங்களாகவே ஒரு வழி உண்டாக்கிக்கொள்கிறார்கள். புதுப் பாலத்திலிருந்து இறங்குகிற அத்தனை வண்டியும் இந்த சர்வீஸ் ரோட்டில் கொட்டினால், அதில் பாதிப் பேர் எதிர்ப்பக்கம் போகவேண்டியவர்களாக இருப்பார்கள். அவர்கள் ஹைவேக்கு அடியில் கடந்துபோகத் தாராளமான வழி ஒன்று பாலத்தோடு சேர்ந்தே திட்டத்தில் இருக்கவேண்டும். பிறகு பார்த்துக்கொள்ளலாம் என்று விட்டால் இங்கே உயிர் போகும். ஹைவேயில் வருகிற வேகம் உங்களுக்கே தெரியும்.

ஹைவேயைக் கடந்தவர்கள் அடுத்து ஆற்காடு ரோட்டுக்கு வருவார்கள். ஸ்டேஷனிலிருந்து சி.எம்.சி.க்கு வருகிற ஆட்டோக்காரர்கள், கிரீன் சர்க்கிள் அடைத்திருக்கிறது என்றால் அன்றே இந்த வழியைப் பிடித்துவிடுவார்கள். அது அவர்கள் தொழில், தப்பு சொல்ல முடியாது. ஆனால் அந்த வழி கடைசியில் சேர்வது ஐடா ஸ்கடர் ரோட்டில், ஆஸ்பத்திரி வாசலில். காலை நேரத்தில் அந்த வாசலைப் பார்த்திருக்கிறீர்களா? கையில் ஃபைல், தோளில் பை, சக்கர நாற்காலியில் அம்மா. ரோட்டைக் கடக்கக் கால் மணி நேரம் தவித்து நிற்கிறார்கள், பாஷையும் தெரியாத ஊரில். அந்த வாசலுக்கு இன்னும் வண்டிகளைக் கொண்டுவந்து சேர்க்கும் பாலம் எங்களுக்கு வேண்டாம். ஆற்காடு ரோட்டில் நடப்பவர்களுக்கு இடமும், ஆம்புலன்ஸுக்கு வழியும் முதலில் ஒழுங்காகவேண்டும்.

எங்கள் பக்கம் வேறு கவலை. காங்கேயநல்லூர் வாரியார் சுவாமிகள் பிறந்த ஊர். முருகன் கோயிலைச் சுற்றி பழைய தெருக்கள். பிள்ளைகள் சைக்கிளில் பள்ளிக்குப் போகிற, பாட்டிகள் திண்ணையில் உட்கார்கிற தெருக்கள். பாலத்தின் வாய் ஊருக்குள் திறந்தால், காட்பாடியிலிருந்தும் வி.ஐ.டி. பக்கத்திலிருந்தும் வருகிற வண்டிகள் எல்லாம் இந்தத் தெருக்களைக் குறுக்கு வழியாக்கிவிடும். ஊரைத் தொடாமல் வெளியே போகும் அணுகுசாலை வேண்டும். அதற்கு நிலம் எடுக்கவேண்டும். தமிழ்நாட்டில் எத்தனை இடங்களில் ஆற்றில் தூண்கள் எழுந்து நிற்க, இரண்டு பக்கமும் நிலம் கிடைக்காமல் பாலம் அந்தரத்தில் காத்துக்கிடந்திருக்கிறது! நிலம் கொடுப்பவர்களுக்கு நியாயமான விலையைப் பேசி முடித்துவிட்டு முதல் தூணுக்குக் குழி தோண்டுவதுதான் முறை.

அப்புறம் டவுன் பஸ். பாகாயத்துக்கும் காட்பாடிக்கும் நடுவில் ஓடுகிற ஒன்றாம் நம்பர், இரண்டாம் நம்பர் பஸ்கள் இல்லாவிட்டால் இந்த ஊர் என்றைக்கோ நின்றுபோயிருக்கும். 2021-லிருந்து பெண்களுக்குச் சாதாரண டவுன் பஸ்ஸில் டிக்கெட் இல்லை என்று ஆனபிறகு, வேலைக்குப் போகவே யோசித்த எத்தனையோ பேர் தைரியமாகக் கிளம்பினார்கள், நானே பார்க்கிறேன். புதுப் பாலம் திறக்கும் அன்றே அதன் மேல் டவுன் பஸ் ஓடவேண்டும். ஆறு மாதம் கழித்து விடலாம் என்றால், அதற்குள் எல்லோரும் தவணையில் ஒரு வண்டி வாங்கியிருப்பார்கள். வாங்கிய வண்டியை விட்டுவிட்டு யாரும் பஸ்ஸுக்குத் திரும்புவதில்லை. பாலத்தின் இரண்டு ஓரமும் ஒரு ஆள் குடை பிடித்துக்கொண்டு நிம்மதியாக நடக்கும் அகலத்துக்கு நடைபாதை, ராத்திரி எரியும் விளக்குகள். ஏழு மணிக்குக் கடையை விட்டுக் கிளம்பும் பெண் அந்த ஆற்றைத் தனியாக நடந்து கடக்கப் பயப்படக் கூடாது.

ஆற்றைப் பற்றியும் ஒரு வார்த்தை. தண்ணீரே வராத ஆறு என்று பாலாற்றை நினைத்தவர்களுக்கெல்லாம் 2021 நவம்பர் பதில் சொன்னது. இரு கரையும் நிறைத்துக்கொண்டு வந்த அந்த வெள்ளத்தில் மாவட்டத்தில் பல தரைப்பாலங்கள் போயின. அடுத்த மாதமே திருவலம் பக்கத்தில் பொன்னையாற்று ரயில் பாலத்தில் பழுது கண்டு சென்னை ரயில்களை நிறுத்தினார்கள். 1903-ல் வாணியம்பாடியை அழித்ததும் இதே ஆறுதான். தூண்களின் அடிமண்ணை வெள்ளம் அரிக்கும், மணல் அள்ளுகிறவர்கள் அதற்கு முன்னாலேயே அரித்து வைப்பார்கள். பாலத்துக்கு மேலேயும் கீழேயும் மணலில் யாரும் கை வைக்காமல் காவல் காப்பதும் பாலம் கட்டுகிற செலவில் சேர்ந்ததே.

வார்டு அளவில் ஏரியா சபை நடக்கிறது. பெரும்பாலும் குப்பை, தெருவிளக்கு, குடிநீர் பேசிக் கலைந்துவிடுகிறோம். இரண்டு கரையிலும் இருப்பவர்கள் அடுத்த முறை போகும்போது பாலத்தின் வரைபடத்தைக் கேளுங்கள். ஆற்றுக்கு மேல் இருக்கும் பகுதி நமக்கு அவசரமில்லை, அதைப் பொறியாளர்கள் பார்த்துக்கொள்வார்கள். சர்வீஸ் ரோட்டில் சேரும் இடம், ஹைவேயைக் கடக்கும் இடம், பஸ் நிற்கும் இடம், காங்கேயநல்லூருக்குள் வராமல் திரும்பும் இடம், இந்த நான்கையும் பெரிதாக வரைந்து சபையில் மாட்டச் சொல்லுங்கள். எங்கள் சபையில் நான் கேட்கப்போகிறேன். சத்துவாச்சாரியில் இருப்பவர்கள் யாராவது உங்கள் சபையில் கேட்க முடிந்தால் கமெண்டில் சொல்லுங்கள், இரண்டு பக்கத்து மனுவும் ஒரே வாசகமாக இருக்கட்டும்.