ஒரு ரப்பர் வளையத்தோட அட்டகாசம்

அம்மாவோட பழைய மிதி தையல் மெஷின்ல ஒரு குறையும் இல்ல, பாபினுக்கு, அதான் அடிநூல் இருக்கிற குட்டி உருளைக்கு, நூல் சுத்துற இடத்துல இருக்கிற அந்தச் சின்ன ரப்பர் வளையத்தைத் தவிர. வேலூர் வெயிலுக்கு மனுஷனே காய்ஞ்சு போறான், ரப்பர் எம்மாத்திரம்? இறுகி, வழுவழுன்னு ஆகி, சக்கரத்துல பட்டும் படாம வழுக்குது. நூல் தொளதொளன்னு ஏறுது. அதுல ஜாக்கெட் கை தைச்சா அடிநூல் ஒரு இடத்துல இறுகுது, இன்னொரு இடத்துல தொங்குது.

லாங்கு பஜார்ல கேட்டா, "இதெல்லாம் இப்ப யாரும்மா கேக்குறாங்க? மோட்டார் மெஷினா வாங்கிடுங்க"ன்னு உபதேசம். அம்மாடி, நான் கேட்டது வளையம்! ஒரு கடைக்காரர் டப்பாவையே கவுத்துத் தேடிக் கொடுத்தாரு. அது கொஞ்சம் பெரிசு. வளையத்தைச் சக்கரத்தோட சேர்க்கிற நெம்புகோலைத் தள்ளி வெச்சாலும் அதை விட்டு விலக மாட்டேங்குது, தைக்கும்போதும் கூடவே சுத்துது.

"கொஞ்சம் எண்ணெய் விடேன்"னு பக்கத்து வீட்டு அக்கா. ரப்பருக்கா எண்ணெய்? வளையம் உப்பிப்போய், இருக்கிற பிடிப்பும் போயிடும்க்கா!

இப்போ பாபினுக்குக் கையாலதான் நூல் சுத்திட்டிருக்கேன். பொங்கலுக்குத் துணி கொடுத்தவங்க வேற போன் மேல போன்.